பல்கலைக்கழகம் வேணும்னா முதல்ல ஒரு லிஸ்ட் போடுங்க

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

எங்க ஊர் திண்டிவனம். பொட்டி தட்டுறது சென்னையில. வார இறுதியில ஊருக்குப் போனா காதுல விழற பேச்சுகள்ல ஒண்ணு, "விழுப்புரத்துக்குன்னு ஒரு யூனிவர்சிட்டி இருந்துச்சு, அதை மூடிட்டாங்க, மறுபடியும் திறக்கணும்". இதைச் சொல்றவங்ககிட்ட எனக்கு பாதி உடன்பாடு, பாதி சண்டை. அந்த சண்டை தான் இந்தப் பதிவு.

கதை தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் எல்லாம் ஒரு காலத்துல சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருந்தது. 2002-ல வேலூர்ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும், விழுப்புரமும் கடலூரும் அந்தப் பக்கம் போச்சு. 2021 பிப்ரவரியில அதைப் பிரிச்சு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களுக்காக டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம்னு சட்டப்பேரவையில சட்டம் போட்டாங்க. துணைவேந்தரும் நியமிச்சாச்சு. இடம்? விழுப்புரம் பழைய தாலுகா ஆபீஸ் கட்டிடம். மே மாசம் ஆட்சி மாறுச்சு. 2021 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அதே சட்டப்பேரவை அந்தப் பல்கலைக்கழகத்தை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சேர்க்க மசோதா நிறைவேற்றுச்சு. அதிமுக உறுப்பினர்கள் ரோட்டுல உட்கார்ந்து மறியல் பண்ணி கைதானாங்க. கோர்ட்டுக்கும் போனாங்க. ஆனா எங்க பக்கத்துக் கல்லூரிகள் அண்ணாமலைக்குத் தான் போச்சு.

ஆக, பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவுல ஆறேழு மாசம். எங்க ஊர்ல மல்லாட்டை ரெண்டு போகம் எடுக்கற காலம்.

இதுல ஒரு வேடிக்கை. ஆரம்பிக்க முன்னாடி நின்ன சட்ட அமைச்சர் சி.வி. சண்முகம் எங்க திண்டிவனத்துக்காரர். இணைப்பு மசோதா வந்தப்போ உயர்கல்வி அமைச்சரா இருந்த பொன்முடியும் இதே விழுப்புரம் மாவட்டத்துக்காரர் தான். ரெண்டு பேருக்கும் எங்க ஊர் பசங்க எவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போறாங்கன்னு நல்லாவே தெரியும்.

ஒரு பக்கம் சொன்னது, அம்மா பேர் இருக்கறதால தான் மூடறாங்கன்னு. இன்னொரு பக்கம் சொன்னது, பணமும் ஆளும் இல்லாம பேருக்கு ஆரம்பிச்சாங்கன்னு. என் கேள்வி ரெண்டு பேருக்கும் பொது: அந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்னென்ன வேணும்னு ஒரு பட்டியல் இருந்துச்சா? எத்தனை துறை, எத்தனை பேராசிரியர், எந்தக் கருவி, எந்தக் கட்டிடம், பத்து வருஷத்துக்கு எவ்வளவு பணம்? அப்படி ஒண்ணு மக்கள் பார்வைக்கு வந்திருந்தா, மூடறவங்க அதுல ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லியாகணும். வந்திருக்கலைன்னா, மூடறதுக்கு ஒரு மசோதா போதும். அது தான் நடந்தது.

பக்கத்துலயே ஒரு உதாரணம்

விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் வர்ற வழியில முண்டியம்பாக்கம் இருக்கு. அங்க 2010-ல அரசு மருத்துவக் கல்லூரி ஆரம்பிச்சாங்க. ஒரு மருத்துவக் கல்லூரியை தாலுகா ஆபீஸ்ல ஆரம்பிக்க முடியுமா? முடியாது. ஏன்னா அன்னிக்கு இருந்த மருத்துவக் கவுன்சில்காரங்க வந்து எண்ணுவாங்க. படுக்கை எத்தனை, ஆசிரியர் எத்தனை, ஆய்வகம் எத்தனை, லைப்ரரியில புத்தகம் எத்தனை. எண்ணிக்கை சரியா இருந்தா தான் முதல் செட்டுக்கு அனுமதி. முதல் செட் படிச்சு வெளிய போற வரைக்கும் வருஷா வருஷம் வந்து பார்த்து அனுமதியைப் புதுப்பிக்கணும். இந்த சோதனையில ஊழல், கடன் வாங்கின ஆசிரியர்கள்னு ஆயிரம் குறை உண்டு. மருத்துவக் கவுன்சிலையே 2020-ல கலைச்சுட்டு தேசிய மருத்துவ ஆணையம் கொண்டு வந்தாங்க. ஆனாலும் ஒரு பட்டியல் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் அதைக் கையில வெச்சுக்கிட்டு டிக் அடிச்சாங்க.

கலை அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அந்த மாதிரி முன்கூட்டி எண்ணிப் பார்க்கற ஆள் யாரும் இல்ல. சட்டப்பேரவையில மசோதா நிறைவேறி ஒப்புதல் கிடைச்சா பல்கலைக்கழகம் பிறந்தாச்சு. எண்ணறது எல்லாம் பிறகு தான். 1972 ஜூன் 17-க்கு அப்புறம் வந்த பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசுப் பணம் வேணும்னா, யூஜிசி சட்டத்தோட 12-பி பிரிவுல தகுதி வாங்கணும். அதுக்கு கட்டிடம், ஆசிரியர், ஆய்வகம் எல்லாம் காட்டணும். பணம் வந்தா தான் ஆய்வகம் வரும், ஆய்வகம் இருந்தா தான் பணம் வரும். கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும் கதை தான் :-)

அப்போ இந்த மாதிரி குட்டிப் பல்கலைக்கழகம் எதுல உயிர் வாழும்? இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம். அதாவது எங்க ஊர் பசங்க அரியர் எழுத கட்டற காசு. ஒரு பல்கலைக்கழகத்தைப் பிரிக்கும்போது பிரிச்சு வர்ற முதல் சொத்து இந்த வருமானம் தான். அதனால தான் பிரிக்கறது சுலபமா இருக்கு. புதுசா எதுவும் வாங்க வேண்டாம், கோடு போட்டா போதும்.

திறக்கறவங்க எப்படித் திறந்தாங்க?

இந்தியாவுக்கு ஐஐடி மாதிரி உயர் தொழில்நுட்பக் கல்லூரிகள் வேணும்னு சொன்னது 1945-ல உட்கார்ந்த சர்க்கார் குழு. சுதந்திரத்துக்கு முன்னாடியே. நம்ம சென்னை ஐஐடி 1959-ல மேற்கு ஜெர்மனி உதவியோட வந்துச்சு. அந்த உதவியை மிஷின் மட்டும்னு நினைக்காதீங்க. மிஷின் வந்தது, அதை ஓட்டிக் காட்ட ஜெர்மன் பேராசிரியர்களும் போர்மேன்களும் வந்தாங்க, நம்ம ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் போய் பயிற்சி எடுத்துட்டு வந்தாங்க. கருவி, கருவிக்கு ஆள், ஆளுக்குப் பயிற்சி. மூணும் ஒரே ஒப்பந்தத்துக்குள்ள.

சிதம்பரத்தையே எடுத்துக்கோங்க. அண்ணாமலைச் செட்டியார் 1929-ல ஒரே நாள்ல பல்கலைக்கழகம் கட்டிடல. 1920-ல மீனாட்சி கல்லூரி ஆரம்பிச்சு, அப்புறம் கூட ரெண்டு கல்லூரி சேர்ந்து, வகுப்பும் ஆசிரியரும் நூலகமும் இருந்த பிறகு தான் சட்டம் வந்தது. அப்படி வந்ததே பிற்காலத்துல பணச் சிக்கல்ல மாட்டி, 2013-ல அரசு தனிச்சட்டம் போட்டு எடுத்துக்க வேண்டி வந்துச்சு. உபரி ஆசிரியர்களை மத்த அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினாங்க. அந்தப் பல்கலைக்கழகத்து தலையில தான் 2021-ல மூணு மாவட்டக் கல்லூரிகளை ஏத்தி வெச்சாங்க.

பழசைப் புதுப்பிக்கற விஷயத்துல நாளந்தா நல்ல பாடம். 2006-ல அப்துல் கலாம் பீகார் சட்டமன்றத்துல யோசனை சொன்னார். 2007-ல அமர்த்தியா சென் தலைமையில வழிகாட்டுக் குழு. 2010-ல நாடாளுமன்றச் சட்டம். 2014 செப்டம்பர்ல வகுப்பு ஆரம்பிச்சப்போ மாணவர்கள் 15 பேர், அதுவும் ராஜ்கிர்ல தற்காலிக இடத்துல. சொந்த வளாகம் 2024 ஜூன்ல தான் திறப்பு விழா கண்டுச்சு. இவ்வளவு தாமதத்தை நான் பாராட்டல. நடுவுல சண்டை, ராஜினாமா எல்லாம் உண்டு. ஆனா அவ்வளவு பெரிய பேர்கள் இருந்தும் பதினெட்டு வருஷம் ஆகற வேலையை, நாம தேர்தலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி முடிச்சுட்டோம்னு சொன்னா எப்படி?

இன்னொண்ணு, பெல்ஜியம் லூவன் பல்கலைக்கழகம். 1914-ல ஜெர்மன் படை அதோட நூலகத்தை எரிச்சது. போர் முடிஞ்சு வெர்சாய் ஒப்பந்தம் போடும்போது 247-வது பிரிவுல, எரிஞ்ச புத்தகங்களுக்கு எண்ணிக்கையிலும் மதிப்பிலும் ஈடா ஜெர்மனி கொடுக்கணும்னு எழுதினாங்க. நூலகக் கட்டிடம் 1928-ல திறந்தது. 1940-ல மறுபடியும் எரிஞ்சது, மறுபடியும் கட்டினாங்க. அப்புறம் 1968-ல மொழிச் சண்டையில பல்கலைக்கழகமே ரெண்டா பிரிய முடிவாச்சு. நூலகத்தை எப்படிப் பிரிச்சாங்க தெரியுமா? அலமாரி எண் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை இன்னொரு பக்கம்! ஒரே தொகுப்போட பாகங்கள் ரெண்டு ஊருக்குப் போச்சு. குழு, குழுன்னு நான் பேசறதைப் பார்த்து குழு போட்டாலே புத்தி வந்துடும்னு நினைச்சுடாதீங்க, அதுக்காக இதையும் சொல்லி வெச்சேன் ;-)

இதெல்லாம் யாருக்கு வலிக்குது?

பேருக்கு சண்டை போடறவங்களுக்கு வலிக்கல. சான்றிதழ் கையில வெச்சிருக்கறவங்களுக்கு வலிக்குது.

என் சித்தப்பா பொண்ணு எங்க பக்கத்துல ஒரு கல்லூரியில பி.எஸ்சி. முடிச்சா. வீட்டுல முதல் பட்டதாரி. வேலைக்குச் சேர்ந்த இடத்துல, சான்றிதழ் உண்மையானது தானான்னு பல்கலைக்கழகத்துல இருந்து உறுதிக் கடிதம் கேட்டாங்க. போனா, உன் பதிவேடு இங்க இல்ல, அங்க கேளுன்னாங்க. அங்க போனா, நீ படிச்ச வருஷம் எங்களோடது இல்லையேன்னாங்க. எந்த அலுவலகம்னு சொல்லப் போறதில்ல, அங்க இருக்கற கிளார்க் அண்ணனைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. அவர்கிட்ட அந்த ஃபைல் நிஜமாவே இல்ல. நாலு தடவை அலைஞ்சு, நாலு நாள் சம்பளம் போயி, கடைசியில கிடைச்சது.

நம்ம தொழில்ல ஒரு டேட்டாபேஸை ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்கு மாத்தணும்னா, ராத்திரி முழுக்க உட்கார்ந்து மைக்ரேஷன் பிளான் போடுவோம். எந்த ரெக்கார்ட் எங்க போகுது, பாதியில புட்டுக்கிட்டா எப்படித் திரும்பறது, யாரை எழுப்பணும்னு எல்லாம் எழுதி வெச்சாத் தான் மேனேஜர் கையெழுத்து போடுவார். ஒரு ஷாப்பிங் சைட்டுக்கே இந்தக் கதை. இங்க மூணு மாவட்டத்துப் பசங்களோட மார்க் ஷீட், ஒரே வருஷத்துல ரெண்டு தடவை வீடு மாறுது.

பொறியியல் பக்கமும் இது நடந்திருக்கு. 2007-ல அண்ணா பல்கலைக்கழகத்தை திருச்சி, கோவை, திருநெல்வேலின்னு பிரிச்சாங்க, அப்புறம் மதுரை வந்தது, 2012-ல எல்லாத்தையும் மறுபடி ஒண்ணாக்கினாங்க. அந்த இடைப்பட்ட காலத்து சீனியர்கள் இன்னிக்கும் வெளிநாட்டு விசா ஃபார்ம்ல பல்கலைக்கழகத்துப் பேரை எழுதிட்டு பக்கத்துல விளக்கம் எழுதிக்கிட்டு இருக்காங்க. எங்க விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் அண்ணா பல்கலைக்கழகத்து உறுப்புக் கல்லூரிகள் 2008-ல வந்தது நல்ல விஷயம். ஆனா அது பொறியியல் மட்டும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலயும், திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலயும் படிக்கறவங்களுக்கு அது உதவாது.

2011 கணக்கெடுப்புல விழுப்புரம் மாவட்டத்து எழுத்தறிவு சுமார் 72 சதவிகிதம். மாநில சராசரி சுமார் 80. இந்த மாதிரி மாவட்டத்துல ஒரு பெண் பிள்ளை எம்.எஸ்சி. சேருமா சேராதாங்கறதை முடிவு பண்றது சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர முடியும்ங்கற கணக்கு தான். விழுப்புரத்துல இருந்து வேலூர் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். சிதம்பரம் அதை விடப் பக்கம், ஆனா திண்டிவனத்துல இருந்தோ செஞ்சியில இருந்தோ தினமும் போய் வர்ற தூரம் இல்ல.

சரி, மறுபடி திறக்கணும்னா?

உடனே சிலர் கேப்பீங்க, அண்ணாமலையில அவ்வளவு பெரிய வளாகம், நூலகம், ஆசிரியர்கள் இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு? காலாப்பட்டுல பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் வேற பக்கத்துல இருக்கேன்னு. நியாயமான கேள்வி. சேர்க்கறதுக்குச் சொன்ன காரணத்துல இந்தப் பகுதி உண்மை. இன்னிக்கு தேதிக்கு ஒரு மாணவனுக்கு காலியா இருக்கற புது பல்கலைக்கழகத்தை விட நிறைஞ்ச பழைய பல்கலைக்கழகம் மேல். அதனால தான் சொல்றேன், நாளைக்கே போர்டு மாட்டாதீங்க. முதல்ல ஒரு குழு போடுங்க. அந்தக் குழு ஒரு லிஸ்ட் போடட்டும். என் கணக்குல அதுல இருக்க வேண்டியது இது:

1. பதிவேடு. பழைய மாணவர்களோட மதிப்பெண், பட்டம், இடமாற்றம் எல்லாம் ஒரே இடத்துல, கணினியில. எந்தப் பல்கலைக்கழகம் வந்தாலும் போனாலும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரே ஜன்னல். முதல் செலவு இதுக்குத் தான். இதுக்குக் கட்டிடம் கூட வேணாம்.

2. கருவியும், கருவிக்குச் சோறும். ஆய்வகத்துக்கு ஒரு என்.எம்.ஆர். மிஷின் வாங்கறாங்கன்னு வைங்க. அதுக்கு விடாம திரவ ஹீலியம் ஊத்தணும். கரண்ட், ஏசி, பராமரிப்பு ஒப்பந்தம், இயக்கத் தெரிஞ்ச ஒரு ஆள். இதையெல்லாம் பட்ஜெட்ல எழுதாம மிஷின் மட்டும் வாங்கினா, அது மாலை போட்டு சாமி கும்பிட மட்டும் உதவும்.

3. நூலகம். ஒரு நல்ல செய்தி, 2025 ஜனவரியில இருந்து மத்திய அரசோட ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்குது. அப்போ புது நூலகத்துக்கு வேண்டியது நல்ல இணைப்பு, ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கற வாசிப்பறை, அதுல பெண்களும் பயமில்லாம உட்கார்ற வசதி.

4. இந்த மண்ணுக்கான துறைகள். திருவக்கரையில கல்மரப் பூங்கா இருக்கு, புவியியல் துறை எங்க? மரக்காணத்துல உப்பளமும் கழுவெளியும் இருக்கு, அதைப் படிக்கறது யாரு? மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் குடைவரை, மேல்சித்தாமூர்ல சமண மடம், 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின செஞ்சிக் கோட்டை. இதை எல்லாம் வெளியூர்காரங்க வந்து ஆராய்ச்சி பண்ணிட்டுப் போறாங்க.

5. பணம். வருஷா வருஷம் கையேந்தாத அளவுக்கு ஒரு வைப்பு நிதி. 1857-ல பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தோட வங்கிக் கணக்கையே 2024 பிப்ரவரியில வருமான வரித்துறை முடக்கின காலம் இது. புதுசுக்கு சொல்லவே வேணாம்.

6. மூட்டை கட்டற விதி. சட்டத்துலயே எழுதணும்: இதை இன்னொண்ணோட சேர்க்கறதா இருந்தா, படிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு என்ன, பதிவேடு எங்க, ஊழியர் எங்கன்னு முதல்ல அறிக்கை வெச்சுட்டுத் தான் மசோதா.

குழுவுல யார் இருக்கணும்? ஓய்வு பெற்ற துணைவேந்தர் ரெண்டு பேர் இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. கூடவே ஒரு அரசுக் கல்லூரி முதல்வர், ஒரு லேப் டெக்னீசியன், தேர்வுப் பிரிவுல இருபது வருஷம் குப்பை கொட்டின ஒரு கண்காணிப்பாளர், தினமும் பஸ்ல வந்து படிக்கற ஒரு மாணவி. இந்த நாலு பேர் இல்லாத குழு போட்ட லிஸ்ட்ல கேட்டும் வளைவும் தான் முதல்ல இருக்கும்.

பேர் யார் பேரா வேணா இருக்கட்டும். எனக்குக் கவலை இல்ல. 2025 ஏப்ரல்ல கும்பகோணத்துல கலைஞர் பல்கலைக்கழகம் ஆரம்பிக்க மசோதா நிறைவேற்றினாங்க, பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல இருந்து பிரிச்சு. அங்க இருக்கற நண்பர்களே, உங்களுக்கும் இதே கேள்வி தான்: லிஸ்ட் எங்க?

கடைசியா ஒண்ணு. திண்டிவனத்துல ஒரு எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. சுதந்திரத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. அங்க கண்டுபிடிச்ச மல்லாட்டை, எள் ரகங்களுக்கு டி.எம்.வி.ன்னு பேர். டி.எம்.வி.ன்னா திண்டிவனம். எந்தத் தலைவர் பேரும் அதுல இல்ல. நிலம், விதை, அளந்து குறிச்சு வைக்க ஆள், பல வருஷப் பொறுமை, இவ்வளவு தான் அதோட முதலீடு. எத்தனையோ ஆட்சி மாறியும் யாரும் அதை மூட மசோதா கொண்டு வரல, ஏன்னா மூடினா விவசாயி கேப்பான். அந்த மாதிரி, மூடினா கேக்கறதுக்கு ஆள் இருக்கற பல்கலைக்கழகம் எங்களுக்கு வேணும்.

கடலூர், கள்ளக்குறிச்சி பக்கத்து நண்பர்கள் யாராவது 2021-ல கல்லூரியில இருந்திருந்தா, உங்க சான்றிதழ் கதையைப் பின்னூட்டத்துல போடுங்க. லிஸ்ட்ல நான் விட்டதையும் சேருங்க.

டிஸ்கி: இதுல எந்தக் கட்சிக்கும் உள்குத்து இல்ல. ரெண்டு கட்சிக்கும் வெளிக்குத்து தான் :-)